கிணற்றில் அரைப்பங்கு: காணிப் பதிவகத்தில் பழைய பதிவுகளுக்குப் பிரதி எடுத்த அனுபவம்

அம்மாவின் சீதனக் காணிக்கு உறுதிப் பிரதியும் (உறுதி என்றால் காணிப் பத்திரம்) தோம்பும் (காணிப் பதிவேட்டிலிருந்து எடுத்துத் தரும் பிரதி) எடுக்க வேண்டி, இந்த வருடம் வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கலுக்கு முந்தின கிழமை தொடங்கி ஆவணி முடியும்வரை இரண்டு காணிப் பதிவகங்களுக்கும் ஒரு பிரதேச செயலகத்துக்கும் ஏ9 வீதியில் இருக்கிற ஒரு ஸ்கேன் கடைக்கும் நடந்திருக்கிறேன். வன்னியில் இந்த அலைச்சல் இல்லாத குடும்பம் குறைவு. எங்கள் ஊரையும் நான் போன கந்தோர்களையும் பெயர் சொல்லி எழுதவில்லை. அங்கே வேலை செய்கிறவர்களில் பலர் எங்களைப் போலவே எல்லாம் விட்டுவிட்டு ஓடி வந்தவர்கள், அவர்களைச் சங்கடப்படுத்துவது என் நோக்கம் இல்லை. ஆனால் சேவை எப்படி இருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். நொத்தாரிசு (உறுதி எழுதுகிற சட்டத்தரணி) பதிவகத்துக்கு அனுப்பி வைத்த உறுதியின் டுப்ளிகேட்டிலிருந்து எடுத்துத் தரும் பிரதி அருமையான சேவை, நம்பிப் போகலாம். பழைய பக்கம் கிழிந்து போனதால் கையால் திருப்பி எழுதிய பதிவேட்டிலிருந்து தரும் தோம்பை மட்டும் வரி வரியாக வாசிக்காமல் வாங்கிக்கொண்டு வராதீர்கள்.

எங்கள் உறுதி 1968இல் எழுதியது. 2009இல் யுத்தத்தின்போது தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு என்று இடம் மாறி மாறி ஓடியபோது அம்மா அதை ஒரு ஷொப்பிங் பைக்குள் போட்டு, அதை இன்னொரு பைக்குள் போட்டு, வயிற்றோடு கட்டிக்கொண்டு வந்தார். வட்டுவாகலில் தண்ணீருக்குள் இறங்கி வந்தபோது நனைந்துவிட்டது. செட்டிகுளம் முகாமில் கூடாரத்துக் கயிற்றில் காயப்போட்டு எடுத்தபோது நாலு தாளும் ஒன்றோடொன்று ஒட்டி, மடிப்பு வந்த இடமெல்லாம் பிய்ந்து, மை ஊதாக் கறையாகப் பரவி இருந்தது. நொத்தாரிசின் பெயர், உறுதி இலக்கம், திகதி, பின்பக்கத்தில் பதிவகம் அடித்த சீலில் தொகுதியும் பக்கமும், இவ்வளவும் ஒரு மாதிரி வாசிக்கலாம். நடுவில் காணியை விவரிக்கும் பகுதிதான் போய்விட்டது. ஊர் திரும்பியதிலிருந்து அதை அலுமாரிக்குள் அப்படியே வைத்திருந்தோம். காணியில் நாங்கள் இருக்கிறோம், யார் கேட்கப்போகிறார்கள் என்ற எண்ணம்.

கேட்க ஆள் வந்தது கிணற்றால். எங்கள் கிணறு பக்கத்துக் காணி எல்லைக்குள் இருக்கிறது. என் அம்மம்மா காலத்திலிருந்து இரண்டு வீடும் அள்ளுகிற கிணறு. அந்தக் காணி போன வருடம் கைமாறியது. வாங்கிய தம்பி நல்ல பிள்ளை, சண்டைக்கு வரவில்லை, தான் எடுத்த தோம்பைக் கொண்டுவந்து காட்டினார். "பேப்பரில உங்கட பங்கு ஒண்டும் இல்லையே அக்கா, நான் என்ன செய்யிறது?" என்றார். பிறகு எங்கள் காணிக்கு நாங்களும் தோம்பு எடுத்துப் பார்த்தோம். காணியின் பெயர் இருக்கிறது, பரப்பு இருக்கிறது, நாலு எல்லையும் இருக்கிறது. கிணற்றைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

தோம்பு என்று நாங்கள் சொல்வது காணிப் பதிவகத்துப் பதிவேட்டின் சாறு, அதாவது அந்தக் காணிக்குரிய பக்கத்தில் இருப்பதை எடுத்துத் தரும் பிரதி. போர்த்துக்கேயர் விட்டுவிட்டுப் போன சொல், ஒல்லாந்தர் காலத்தில் வரிக்காக எழுதிய காணிக் கணக்குக்கும் அதே பெயர்தான், இன்றைக்கும் வயது போனவர்களும் இளம் பிள்ளைகளும் ஒரே மாதிரி "தோம்பு எடுக்கப் போறன்" என்றுதான் சொல்கிறோம். இப்போது இருக்கிற முறை 1927ஆம் ஆண்டின் ஆவணப் பதிவுச் சட்டத்தில் வருவது. ஒரு காணிக்கு ஒரு பக்கம், அந்தக் காணியில் நடக்கிற விற்பனை, நன்கொடை, ஈடு எல்லாம் அதில் வரிசையாக ஏறும், பக்கம் நிரம்பினால் அடுத்த பக்கத்தின் இலக்கத்தைக் குறித்துவிட்டு அங்கே தொடர்வார்கள். அந்த இலக்கங்களைப் பிடித்துக்கொண்டே பின்னுக்குப் போனால் ஐம்பது அறுபது வருடக் கதை வரும். அழகான முறை. சங்கிலியில் ஒரு வளையம் அறுந்தால்தான் ஆபத்து.

நான் போன முதல் பதிவகத்தில் வரிசை நீளம். காலை எட்டரைக்குப் போய்ப் பதினொன்றரைக்குத்தான் என் முறை வந்தது. ஆனால் கவுண்டரில் இருந்த தங்கச்சி பொறுமையானவர். தோம்பைப் பார்த்துவிட்டு அவரே சொன்னார், "அக்கா, இது பழைய பக்கம் இல்லை, திருப்பி எழுதினது." பக்கத்தின் தலைப்பில், மூலப் பக்கம் சிதைந்ததால் மறுபடி எழுதப்பட்டது என்று சின்னதாக ஒரு குறிப்பு இருந்தது. நான் அதைக் கவனித்திருக்கவில்லை. எங்களுக்குத் தந்த சாறில் அந்தக் குறிப்பு ஏறவும் இல்லை, பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. இது எனக்குப் பெரிய குறையாகப் பட்டது. பிரதியின் பிரதியைத்தான் கையில் வைத்திருக்கிறோம் என்பது வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டும். பக்கத்துக் காணி வாங்கிய தம்பிக்கும் அது தெரிந்திருக்காது.

மூலப் பக்கம் இப்போது எங்கே என்று கேட்டேன். தெரியாது, ஸ்டோரில் பார்க்க வேண்டும், ஆள் இல்லை என்றார்கள். மூன்று தரம் போனேன், அதே பதில். கடைசியில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். 2016இல் வந்த சட்டம் அது, 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். பன்னிரண்டாம் நாள் கடிதம் வந்தது: பழைய தொகுதி இருக்கிறது, உத்தியோகத்தர் முன்னிலையில் பார்க்கலாம்.

அந்த நாளை மறக்க மாட்டேன். வெள்ளைத் துணியில் சுற்றி நாடாவால் கட்டி வைத்திருந்தார்கள். அவிழ்த்தபோது மேசை முழுக்கத் தவிட்டு நிறத்தில் தூள் கொட்டியது. முதுகு இல்லை, ஓரங்களைக் கறையான் தின்றிருக்கிறது, எத்தனை மழையைப் பார்த்த புத்தகமோ. எங்கள் பக்கத்தில் வலப்பக்கம் கைவிரல் நீளத்துக்குக் கிழிந்து போயிருந்தது. நீல மையில் சாய்ந்த கையெழுத்து. நாலு எல்லையும் முடிகிற இடத்துக்குக் கீழே "கிணற்றில் அ" என்று ஒரு வரி ஓடி அப்படியே கிழிசலில் முடிகிறது. அவ்வளவுதான். அதற்கு மேல் தாள் இல்லை.

திருப்பி எழுதியவர் யாரோ, எந்த வருடமோ, என்ன அவசரத்தில் எழுதினாரோ, அவரை நான் குறை சொல்லவில்லை. ஆயிரக்கணக்கான பக்கங்கள் அப்படிப் பார்த்து எழுதியிருப்பார்கள், அந்த வேலை நடக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கு எங்களுக்குத் தோம்பு என்று ஒன்றுமே இருந்திருக்காது. ஆனால் பாதி வரி வாசிக்க முடியாமல் போனபோது அந்த வரியையே விட்டுவிட்டார். "கிணற்றில் அ" என்று எழுதி, அதற்குப் பிறகு கோடு போட்டு, இவ்விடம் கிழிந்துள்ளது, வாசிக்க முடியவில்லை என்று எழுதியிருந்தால் போதும். யாராவது ஒருநாள் அந்தக் கோட்டைப் பார்த்து, அங்கே ஏதோ இருந்திருக்கிறது என்று தேடியிருப்பார்கள். அந்தக் கோடு இல்லாததால், துப்புரவாக எழுதிய புதுப் பக்கம் கிணறே இல்லை என்று சொல்கிறது, அதில் சீலும் இருக்கிறது, கையெழுத்தும் இருக்கிறது. கிழிந்த தாளைப் பார்க்கிறவர் சந்தேகப்படுவார், துப்புரவான தாளைப் பார்க்கிறவர் சந்தேகப்பட மாட்டார். எனக்கு இதுதான் பயமாக இருக்கிறது.

சரி, பாதி வரியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அங்கேதான் டுப்ளிகேட் கை கொடுத்தது. இதைப் பலர் அறியாமல் உறுதி தொலைந்துவிட்டது என்று தலையில் கை வைத்துக்கொண்டு இருக்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். இலங்கையில் நொத்தாரிசு ஓர் உறுதி முடித்தால் மூன்று படி எழுதுவார். ஒன்று எங்கள் கைக்கு வருவது. இன்னொன்று அவரே வைத்திருக்கும் புரோட்டோகோல். மூன்றாவது டுப்ளிகேட். ஒரு மாதத்தில் முடித்த உறுதிகளின் டுப்ளிகேட்டுகளை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்கு முன் காணிப் பதிவகத்துக்கு அனுப்ப வேண்டும் என்பது நொத்தாரிசுச் சட்டம். எந்தப் பதிவகத்துக்கு என்பதுதான் முக்கியம். காணி இருக்கிற இடத்துக்கு இல்லை, நொத்தாரிசு வசிக்கிற மாவட்டத்துப் பதிவகத்துக்கு. எங்கள் காணி வன்னியில், நொத்தாரிசு ஐயா இருந்தது ஆனையிறவுக்கு அந்தப் பக்கம். இங்கே பதிவேடு சிதைந்தது, அங்கே டுப்ளிகேட் சிதையவில்லை. நொத்தாரிசு இறந்து போயிருந்தால் அவருடைய புரோட்டோகோலும் பதிவகத்துக்குப் போயிருக்க வேண்டும், அதையும் கேட்டுப் பாருங்கள்.

இன்னொன்றும் நினைவில் வையுங்கள். கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல்தான், அதற்கு முதல் யாழ்ப்பாண மாவட்டம். முல்லைத்தீவும் 1970களின் கடைசியில்தான் தனி மாவட்டமாகப் பிரிந்தது. ஆகவே பழைய பதிவு என்றால் இப்போதைய கச்சேரி (மாவட்டச் செயலகம்) எங்கே என்று பார்த்துப் போகாதீர்கள், உறுதி எழுதிய வருடத்தில் அந்த இடம் யாருக்குக் கீழே இருந்தது என்று பார்த்துப் போங்கள்.

அந்த இரண்டாவது பதிவகத்தின் சேவைக்கு முழு மதிப்பெண். உறுதி இலக்கம், நொத்தாரிசின் பெயர், திகதி, மூன்றையும் எழுதிக் கொடுத்தேன். அடுத்த கிழமை வரச் சொன்னார்கள், அடுத்த கிழமை போனேன், இருந்தது. கட்டணம் நான் போய்வந்த பஸ் காசைவிடக் குறைவு. முக்கியமாக, அவர்கள் அதைப் பார்த்துத் தட்டச்சு அடித்துத் தரவில்லை. தாளை அப்படியே படமாக எடுத்து, ஒவ்வொரு பக்கத்திலும் உண்மைப் பிரதி என்று சீல் அடித்து, பதிவாளர் கையெழுத்து வைத்துத் தந்தார்கள். தாளின் மடிப்பு தெரிகிறது. சிலோன் காலத்து முத்திரைகள் ஒட்டிய இடம் தெரிகிறது. அம்மாவின் தகப்பன், என் அப்பப்பா இல்லை, அம்மப்பா, அவர் கையெழுத்துக்குப் பதிலாக வைத்த பெருவிரல் அடையாளம் ரேகையோடு தெரிகிறது. மூன்றாம் பக்கத்தில், எல்லைகள் முடிந்த பிறகு, "இதற்கு வடபுறக் காணியிலுள்ள கிணற்றில் அரைப்பங்கும் வழிவாய்க்கால் உரித்தும்" என்று முழு வரியும் இருக்கிறது. பஸ் ஸ்ராண்டில் நின்றுகொண்டே நாலு தரம் வாசித்தேன்.

கையால் எழுதிய பிரதிக்கும் படமாக எடுத்த பிரதிக்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாக என்னால் சொல்ல முடியாது. எழுதுகிறவர் தான் வாசித்ததைத் தருகிறார். படம் தாளைத் தருகிறது, வாசிக்கிற வேலையை எங்களிடம் விட்டுவிடுகிறது. வன்னிப் பதிவகங்களில் மிச்சம் இருக்கிற பழைய தொகுதிகளை இனிமேல் திருப்பி எழுதுவதாக இருந்தால், எழுதுவதற்கு முதல் ஒவ்வொரு பக்கத்தையும் கலரில் படம் எடுத்து வையுங்கள் என்று சம்பந்தப்பட்ட எல்லோரையும் கும்பிட்டுக் கேட்கிறேன். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் சீலின் ஊதாவும் எழுத்தின் நீலமும் ஒரே சாம்பலாகிவிடும், சீலுக்குக் கீழே இருக்கிற எழுத்துப் போய்விடும்.

பிரதி எடுத்தாச்சு, இனிப் பழையது குப்பை என்று நினைக்கிறதும் நடக்கிறது. வீட்டிலும் நடக்கிறது, கந்தோரிலும் நடக்கிறது. அரச பதிவுகளை நினைத்தபடி அழிக்க முடியாது, 1973ஆம் ஆண்டின் தேசிய சுவடிகள் சட்டம் அதற்குத்தான் இருக்கிறது. வீட்டில் இருக்கிற மூல உறுதிக்கும் தனிப் பெறுமதி உண்டு. 30 வருடத்துக்கு மேற்பட்ட பத்திரம் வைத்திருக்க வேண்டிய ஆளிடமிருந்து வந்தால், அதில் இருக்கிற கையெழுத்து உரியவருடையதுதான் என்று நீதிமன்றம் ஊகிக்கலாம் என்று சாட்சியச் சட்டத்தின் 90ஆம் பிரிவு சொல்கிறது. அந்தச் சலுகை தாளோடு வருவது. நனைந்தாலும் கிழிந்தாலும் தாளை வைத்திருங்கள்.

இனி ஸ்கேன் கடை. ஏ9 வீதியில் சின்னக் கடை, ஒரு மெசின், ஒரு பெடியன். ஒட்டிப்போன எங்கள் உறுதியைக் கொண்டுபோனபோது முதலில் கையையே வைக்கவில்லை. "அம்மா, இதை நான் இழுத்துப் பிரிச்சா எழுத்து மற்றத் தாளோட போயிடும்" என்றான். நாலு நாள் தன்னிடம் விடச் சொல்லி, சிட்டை எழுதித் தந்து, ஈரத்துணி போட்ட டப்பாவுக்குள் தாளைத் தட்டில் வைத்து மூடி, மெல்ல மெல்ல இளகவிட்டு, ஒற்றுத்தாள் வைத்துக் காயவிட்டுப் பிரித்திருக்கிறான். நாலு தாளும் தனித்தனியாக வந்தன. மூலையில் ஓர் இடம் மட்டும் பிய்ந்தது, அதையும் தானே காட்டிச் சொன்னான். பிறகு கலரில் ஸ்கேன் பண்ணி பென் டிரைவில் போட்டு, மூலத்தை ஒவ்வொன்றாகத் தெளிவான பொலித்தீன் உறைக்குள் செருகித் தந்தான். லமினேட் பண்ணட்டுமா என்று அவன் கேட்கவே இல்லை. நான் கேட்டதற்கும் மாட்டேன் என்றான்.

அவன் சொன்னது எவ்வளவு சரி என்பது எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. அப்பாவுக்கு ஒரு பேர்மிட் காணியும், அதாவது அரசு அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த காணியும், உண்டு. வட்டக்கச்சி, தருமபுரம், முத்தையன்கட்டு என்று வன்னியில் குடியேற்றத் திட்டங்களில் கொடுத்த காணிகள் அநேகம் இந்த வகை, 1935இன் காணி அபிவிருத்திச் சட்டத்தில் வருபவை. அவற்றுக்கு நொத்தாரிசு உறுதி கிடையாது. எங்கள் கையில் பேர்மிட், பிரதேச செயலகத்தில் கந்தோர்ப் பிரதியும் காணிப் பேரேடும், இவ்வளவுதான். 2012இல் ஊர் திரும்பிய புதிதில் வேறொரு கடையில் அந்தப் பேர்மிட்டைப் பத்திரமாக இருக்கட்டும் என்று லமினேட் பண்ணினோம். சூட்டில் சீல் மங்கியது, உள்ளே காற்றுக் குமிழி, இப்போது தாள் ஓரம் பழுப்பாகிக்கொண்டு வருகிறது, பிரித்தால் கிழியும். பிரதேச செயலகத்தில் பழைய பைல் யுத்தத்தில் போய்விட்டது. 2013இல் வந்த 1ஆம் இலக்கக் காணிச் சுற்றறிக்கையின் கீழ் வடக்குக் கிழக்கில் எல்லோரும் படிவம் நிரப்பிக் கொடுத்தோமே, அதில்தான் எங்களுக்குப் புதுப் பைல் திறந்தார்கள். அதற்குள் ஆதாரமாக இருப்பது அந்த லமினேட் பண்ணிய பேர்மிட்டின் போட்டோக் கொப்பி. பிளாஸ்டிக்கின் மினுக்கம் பட்டு, சீல் இருந்த இடம் வெள்ளையாக விழுந்திருக்கிறது. காணி உத்தியோகத்தர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார், பாவம், அவருக்கும் வேறு வழி இல்லை. கிராம சேவையாளரின் கடிதம், பழைய வாக்காளர் இடாப்பு, பக்கத்துக் காணிக்காரர் இருவரின் சத்தியக்கடதாசி எல்லாம் கொடுத்தும் நாங்கள் கேட்ட பேர்மிட் பிரதி இன்னும் கைக்கு வரவில்லை. இந்தப் பகுதிச் சேவை பற்றிக் கைக்கு வந்த பிறகு எழுதுகிறேன். உறுதிக் காணிக்கு மூன்று படி மூன்று இடத்தில் இருக்கிறது, பேர்மிட் காணிக்கு இரண்டே இடம். பேர்மிட் வைத்திருக்கிறவர்கள் இன்றைக்கே கலரில் ஸ்கேன் எடுத்து வெளியூரில் இருக்கிற பிள்ளை ஒருவருக்காவது அனுப்பி வையுங்கள்.

கிணற்று வரிக்குத் திரும்பி வருகிறேன். டுப்ளிகேட்டின் பிரதி, அம்மாவின் சத்தியக்கடதாசி, ஒரு விண்ணப்பம், மூன்றையும் முதல் பதிவகத்தில் கொடுத்தேன். அவர்கள் துணியில் கட்டிய பழைய தொகுதியை எடுத்து "கிணற்றில் அ" என்ற இடத்தையும் என் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். ஐந்து கிழமை எடுத்தது, இடையில் இரண்டு தரம் அலைந்தேன், பொறுப்பானவர் லீவு, கடிதம் மேலே போயிருக்கிறது என்று. ஆனால் செய்து தந்தார்கள். இப்போது எடுத்த தோம்பில், ஓரத்தில், சிவப்பு மையில் அந்த வரி முழுதாக இருக்கிறது, கீழே எந்த உறுதியைப் பார்த்து எழுதியது என்ற இலக்கமும் திகதியும் கையெழுத்தும். கவுண்டர்த் தங்கச்சி இந்த முறை, மூலப் பக்கம் சிதைந்ததால் மறுபடி எழுதப்பட்டது என்ற தலைப்புக் குறிப்பையும் சாறில் சேர்த்துத் தந்திருந்தார். நான் கேட்கவில்லை, அவராகவே செய்தது.

பக்கத்துக் காணித் தம்பிக்கு அதில் ஒரு போட்டோக் கொப்பி கொடுத்தேன். வாசித்துப் பார்த்துவிட்டு உள்ளே கொண்டுபோய்த் தன் பைலில் வைத்தார். புரட்டாதியில் தண்ணீர் கீழே போனவுடன் கிணறு இறைத்துச் சேறு அள்ள வேண்டும், செலவில் பாதி எங்களுடையது என்று அம்மா அன்றைக்கே சொல்லி அனுப்பிவிட்டார்.